கோயிலுக்குப் போனால் காருக்குக் காய்ச்சல்

காய்கறி வாங்க பாசாருக்குப் போனால் பெர்னடெட்டின் காருக்கு ஒன்றும் ஆகாது. சாலாக் செலாத்தானுக்கு முட்டை வாங்கப் போனாலும், மத்தியான வெயிலில் மாவு மூட்டையோடு சாலை ஜேமில் முக்கால் மணி நேரம் நின்றாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். புதன்கிழமை சாயங்காலம் கிள்ளானுக்கு நவநாள் பூசைக்குக் கிளம்பினால் மட்டும் காய்ச்சல் வந்துவிடும். பங்சாரிலேயே சூடு காட்டும் ஊசி மெல்ல எழும்பி, பெட்டாலிங் ஜெயா வருவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இப்படிப் பக்தி ஒத்துக்கொள்ளாத காரை அவள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் அதுவரை கண்டதில்லை.

காருக்கு வயது முப்பத்து மூன்று, அவளுக்கு ஐம்பத்தெட்டு. ரவையில் செய்கிற சூஜி கேக் சுட்டு விற்றே வாங்கிய கார். கணவர் ஆம்புரோஸ் இருந்த காலத்திலேயே சாவி அவள் கைப்பையில்தான் இருக்கும். அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடமான பிறகும் அங்கேதான் இருந்தது. ஆனால் மூன்று மாதமாகப் புதன்கிழமைகளில் அந்தச் சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கார் கெட்டுப்போனால் என்ன, இரண்டு பிளாக் தள்ளி இருக்கும் அண்ணன் கிரிகரியிடம் கார் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. முன் சீட்டு லூர்துமேரி அண்ணிக்கு. பின் சீட்டில் பாதி அண்ணனின் பேட்மிண்டன் பைக்கு, மீதி பெர்னடெட்டுக்கு. ஏர்கோன் எவ்வளவு, வானொலியில் எது, ஜன்னல் திறக்கலாமா கூடாதா, எல்லாம் கிரிகரி வைத்ததுதான் சட்டம். கார் பார்க்கில் ஜேம் ஆகிவிடும் என்று கடைசிப் பாட்டு முடியும் முன்பே எழுந்து சாவியை ஆட்டுவார். பூசை முடிந்து பாடகர் குழுப் பெண்கள் ஹாலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே ஊர் வம்பை அலசும் அரை மணி நேரம் இருக்கிறதே, உண்மையைச் சொன்னால் பெர்னடெட் கிள்ளானுக்குப் போவதில் பாதி அதற்காகத்தான். மூன்று மாதமாக அந்தக் கோப்பியை அவள் வாயில் வைக்கவில்லை. இந்தக் கார் ஒரேயடியாகப் போய்விட்டால், இனி சாகும்வரை பேட்மிண்டன் பையோடுதான் பயணம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

காய்ச்சலுக்கு முன்னால் நடந்த ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிப்ரவரியில் கிரிகரி வேளாங்கண்ணி போய்த் திரும்பும்போது தங்கைக்கு ஒரு மாதா சொரூபம் வாங்கி வந்தார். ஒரு சாண் உயரம், தலையைச் சுற்றிப் பன்னிரண்டு குட்டி பல்பு. காரின் டாஷ்போர்டில் தம் கையாலேயே அதைப் பொருத்தினார். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வயரிங் தெரியும் என்பதற்கு அவரே சாட்சி. இரண்டு மணி நேரம் ஸ்டியரிங்கின் கீழே தலைகீழாகக் கிடந்து, காரின் லைட்டைப் போட்டால் மாதாவும் எரிகிற மாதிரி செய்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார்.

"கோயிலுக்குப் போறப்ப மட்டும் மாதா எரியாம போவக்கூடாது, பெர்னா. வெளிச்சமா இருந்தாலும் லைட்டப் போட்டுட்டுத்தான் கெளம்பணும். சரியா?"

"சரிண்ணே."

சரி என்று சொன்னால் செய்துவிடுகிற பிறவி அவள். புதன்கிழமை தவறாமல் லைட்டைப் போட்டாள், மாதாவும் தவறாமல் எரிந்தார்.

மாதா வந்த பிறகு ஒரு நல்லதும் நடந்தது. கிள்ளானுக்குப் போகும்போதெல்லாம் பெட்ரோல் ஊசியும் கொஞ்சம் ஏறியே நின்றது. இதை பெர்னடெட் யாரிடமும் மூச்சு விடவில்லை. கெட்டது நடந்தால் ஊரைக் கூட்டுவோம், நல்லது நடந்தால் வாயை மூடிக்கொண்டு அனுபவிப்போம். அவளும் மாதாவுக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

காரைப் பார்த்தவன் லோகன். சாலாக் செலாத்தானில் சந்துக்குள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். நல்லவன்தான், கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். முதல் தடவை ரேடியேட்டரை மாற்றினான். இரண்டாம் தடவை அதன் மூடியை. மூன்றாம் தடவை வாட்டர் பம்ப். அதற்கும் ஊசி மசியவில்லை என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற சின்னக் கதவு அது.

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குக்கா? பனி பெய்யிற ஊருக்கு வெச்சது. தூக்கிப் போட்டாச்சுன்னா தண்ணி நல்லா ஓடும் லா."

இந்த வட்டாரத்தில் பாதிக் காரில் அந்தக் கதவு இல்லை. எல்லா மெக்கானிக்கும் இதையே சொல்வான், எல்லாரும் தலையாட்டுவோம். பெர்னடெட்டும் தலையாட்டிவிட்டு, வாங்கிய கதவை வீட்டில் பேக்கிங் பவுடர் டின்னில் போட்டு வைத்தாள். எதையும் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது.

அடுத்த புதன்கிழமையும் ஊசி சிவப்பைத் தொட்டது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது லோகன் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். கூடவே கிரிகரியும் வந்திருந்தார்.

"இனிமே ஒன்னுதான் பாக்கி. இஞ்சின் உள்ளாற இருக்கிற ஹெட் கேஸ்கெட். இஞ்சின எறக்கணும்க்கா."

"எறக்கி?"

"எறக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

"அதுலயும் இல்லன்னா?"

லோகன் ஸ்பேனரைத் தேடப் போனான். ஒர்க்‌ஷாப் மூலையில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

கிரிகரி கையை உதறினார். "போதும் பெர்னா. முப்பது வருச காருக்கு எவ்ளோதான் வைத்தியம் பாப்ப. ஸ்ரீ கெம்பாங்கான்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு பொட்டோங் கடை இருக்கு, பழைய காரப் பிரிச்சு விக்கிறவன். வெள்ளிக்கெழம காலைல லோரி வரும், இழுத்துட்டுப் போயிருவான். ஒனக்கு என்ன கொறச்சல்? எங்க போகணும்னாலும் அண்ணன் இருக்கேன்ல."

அண்ணன் இருப்பதுதான் குறைச்சல் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்று மத்தியானம் பெர்னடெட் ஆத்திரத்தோடு கேக் சுட்டாள். ஆத்திரத்தில் அடித்தால் வெண்ணெயும் சர்க்கரையும் நன்றாக நுரைக்கும் என்பது அவள் அனுபவம். மாவைத் தட்டில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளிவிட்டு, வழக்கம்போல அதன் சூட்டுக் குமிழைப் பார்த்தாள். நூற்றெண்பது என்றது குமிழ். வழக்கம்போல அவள் நம்பவில்லை. அந்த ஓவன் பதினைந்து வருடமாகப் பொய் சொல்லி வருகிறது. அதனால் நீளமான வயர் வைத்த ஒரு வெப்பமானி அவளிடம் உண்டு. ஊசி முனையை ஓவனுக்குள் வைத்துவிட்டு, கதவிடுக்கு வழியாக வயரை வெளியே இழுத்து, எண் காட்டும் பெட்டியைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். பெட்டி நூற்று அறுபத்தொன்று என்றது. அவள் குமிழைக் கொஞ்சம் திருகிவிட்டாள்.

திருகிய கை அப்படியே நின்றது.

பதினைந்து வருடமாக ஓவனின் குமிழை நம்பாதவள், மூன்று மாதமாகக் காரின் ஊசியை மட்டும் ஏன் நம்பினாள்? லோகனாவது, கிரிகரியாவது, கோயிலில் யோசனை சொன்ன பதினேழு அங்கிள்களாவது, சூடு நிஜமா என்று யாராவது அளந்து பார்த்தார்களா? ஊசி சொன்னது, உடனே எல்லாரும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யோசித்துப் பார்த்தால் ஒரு தடவைகூட ஆவி கிளம்பவில்லை. தண்ணீர் குறையவில்லை. கொதிக்கிற இஞ்சினிலிருந்து வரும் அந்தத் தித்திப்பு வாடைகூட அடிக்கவில்லை. பெர்னடெட்டுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கேக்கை எடுத்து ஆறவைத்துவிட்டு, வெப்பமானியைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம், இஞ்சின் ஆறிக் கிடந்தபோதே பானட்டைத் திறந்தாள். ரேடியேட்டரின் மேல் குழாய் இஞ்சினோடு சேரும் இரும்புக் கழுத்தில் வெப்பமானியின் முனையை ஒட்டவைத்து, சமையல் ஃபாயில் காகிதத்தை நாலு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு துணியைப் போட்டுக் கட்டினாள். வயரை பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, பெட்டியை மாதாவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கேக் வாங்கும் மலர்விழி மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, காருக்குள்ள கேக் சுடப் போறீங்களா?" என்றாள்.

"ஆமா. வெந்தா ஒனக்கு ஒரு துண்டு."

லைட்டைப் போட்டாள். மாதா எரிந்தார். "நீயே பாத்துக்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பங்சாரில் ஊசி நடுவைத் தாண்டி எழும்பத் தொடங்கியது. பெட்டி அறுபத்தாறு என்றது. பெடரல் ஹைவேயில் ஏறி, பெட்டாலிங் ஜெயாவை நெருங்கும்போது ஊசி சிவப்பில். பெட்டி எழுபத்தொன்று. பால்கூடக் கொதிக்காத சூடு அது. பெர்னடெட்டுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும். பெட்டியை நம்புவதா ஊசியை நம்புவதா? ஓவனில் பொய் என்றால் கேக் தீயும். இங்கே பொய் என்றால் இஞ்சினே தீயும். பயம் ஜெயித்தது. முதலில் வந்த பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் திருப்பி, ஓர் ஓரமாக நிறுத்தினாள்.

சூடான இஞ்சினை உடனே அணைக்கக் கூடாது, ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும் என்று லோகன் சொல்லியிருந்தான். அதனால் இஞ்சினை ஓடவிட்டு, லைட்டை மட்டும் அணைத்தாள்.

ஊசி பொத்தென்று கீழே விழுந்தது.

அவள் மறுபடி லைட்டைப் போட்டாள். ஊசி எழும்பியது. அணைத்தாள், விழுந்தது. அடுப்பை அணைத்த நொடியில் பால் ஆறுமா? ஆறாது. இஞ்சினும் ஆறாது. பெட்டி அசையாமல் எழுபத்தொன்றிலேயே நின்றது. ஏழெட்டுத் தடவை போட்டுப் போட்டு அணைத்ததில், பக்கத்து லோரிக்காரர் தன்னிடம் ஏதோ சொல்கிறாளாக்கும் என்று நினைத்துப் பதிலுக்கு இரண்டு தடவை லைட்டை மின்னினார்.

ஒன்பதாவது தடவைதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். சூட்டு ஊசியோடு சேர்ந்து பெட்ரோல் ஊசியும் எழும்பி, சேர்ந்தே விழுந்தது. இஞ்சின் சூடானால் பெட்ரோல் ஏன் கூட வேண்டும்? மூன்று மாதமாக மாதாவுக்கு நன்றி சொல்லி வந்த அந்த அற்புதம், லைட்டை அணைத்தால் கரைந்துபோயிற்று. நிஜமாகப் பார்த்தால் தொட்டியில் கால்வாசிகூட இல்லை.

"நா அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்" என்று மாதாவிடம் சொன்னாள். "நீ சும்மா பெட்ரோல் ஊத்துற ஆளு இல்லையே."

ஒரு ஊசி பொய் சொன்னால் அந்த ஊசியில் கோளாறு. இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால், இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் படிப்பு வேண்டாம், இரண்டு மருமகள்கள் இருக்கும் எந்த வீட்டிலும் தெரியும். பெர்னடெட் இஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டுவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தோடு ஸ்டியரிங்கின் கீழே தலையை விட்டாள். ஐம்பத்தெட்டு வயது முதுகு அங்கேயே ஒரு புகார் கொடுத்தது.

மாதாவிலிருந்து இறங்கிய கறுப்பு வயர், மீட்டர்களுக்குப் பின்னாலிருந்து வரும் தடித்த கறுப்பு வயரோடு சேர்த்து முறுக்கப்பட்டிருந்தது. தடித்த வயர்தான் மீட்டருக்கெல்லாம் எர்த். வந்த மின்சாரம் திரும்பிப் போகிற வழி. அது திருகப்பட்டிருந்த பழைய இரும்புத் துளை காலியாகக் கிடந்தது. கிரிகரி, கைக்கு எட்டவில்லை என்றோ என்னவோ, இரண்டு வயரையும் சேர்த்துப் பக்கத்தில் பெயின்ட் அடித்த தகட்டில் ஒரு ஸ்குருவால் அரைகுறையாக முடுக்கி, வயர் முறுக்கின் மேல் மட்டும் சிவப்பு டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தார். மின்சாரத்துக்கு வழி அடைபட்டுப்போனது. லைட்டைப் போட்டதும் அது வேறு வழி தேடி ஊசிகளுக்குள் புகுந்து, அவற்றைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

பார்த்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். வயர் கைவசம் இல்லை. ஃபாயில் இருந்தது. ஒரு நீளத் துண்டைக் கிழித்துக் கயிறு மாதிரி உருட்டி, ஒரு முனையை அந்த ஸ்குருவிலும் மறு முனையைக் கதவுக் கீலின் வெறும் இரும்பிலும் அழுத்தினாள். லைட் எரிந்துகொண்டே இருக்க, இரண்டு ஊசியும் தலையைத் தொங்கப்போட்டன. மாதாவின் பன்னிரண்டு பல்பும் முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தன.

ரேடியேட்டர் நன்றாக இருந்தது. வாட்டர் பம்ப் நன்றாக இருந்தது. இந்தக் கிழட்டுக் காருக்கு ஒரு நாளும் காய்ச்சல் வரவில்லை. சும்மா இருந்ததைப் பிடித்து எல்லாரும் அறுத்திருக்கிறார்கள். பூசைக்கு நேரமாகிவிட்டதால் அங்கேயே, பெட்ரோல் ஸ்டேஷன் ஓரத்தில், எரிகிற மாதாவைப் பார்த்து ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லிவிட்டு வீடு திரும்பினாள். ஃபாயிலை எடுத்துவிட்டாள். ஸ்குருவையும் டேப்பையும் மட்டும் தொடவில்லை. அண்ணன் கைவேலையை அண்ணனே ஒரு தடவை பார்த்து ரசிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இழுக்கிற லோரி வந்தது. ஓட்டி வந்தவர் பெயர் முகுந்தன். கிரிகரியும் லூர்துமேரி அண்ணியும் முன்னமே வந்து நின்றிருந்தார்கள். அண்ணி, சாவு வீட்டுக்கு வந்தது போல பெர்னடெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காரு பதிவு கார்டு எங்க பெர்னா, சாவி எங்க?" என்றார் கிரிகரி.

"சாவி இந்தாங்கண்ணே. ஒரே ஒரு தடவ நீங்களே உக்காந்து பாருங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க, சாவிய மட்டும் திருப்புங்க. ராத்திரியெல்லாம் நின்ன காரு. தொட்டுப் பாருங்க முகுந்தன், சூடு இருக்கா?"

முகுந்தன் பானட்டில் கை வைத்தார். "ஜில்லுன்னு இருக்குக்கா."

கிரிகரி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஊசி அடியிலேயே கிடந்தது.

"இப்ப லைட்டப் போடுங்க."

போட்டார். மாதா எரிந்தார். சூட்டு ஊசி அடியிலிருந்து கிளம்பி, பாதி உயரத்துக்கு ஏறி நின்றது.

"இஞ்சின் ஓடவே இல்லண்ணே. சூடு எங்கேர்ந்து வந்துச்சு?"

கிரிகரி ஊசியைப் பார்த்தார். மாதாவைப் பார்த்தார். தங்கையைப் பார்க்கவில்லை. அவள் குனிந்து ஒரு துண்டு வயரை அந்த ஸ்குருவுக்கும் கதவுக் கீலுக்கும் நடுவே பிடித்தாள். ஊசி விழுந்தது. எடுத்தாள், ஏறியது. முகுந்தன் கதவில் சாய்ந்துகொண்டு இதை வேடிக்கை பார்த்தார்.

"எவன் பண்ண வயரிங்க்கா இது? எர்த்தக் கொண்டுபோய் பெயின்ட் மேல முடுக்கி வெச்சிருக்கான்."

சிவப்பு டேப்பின் மிச்சம் கிரிகரி வீட்டு ஸ்டோரில் இருப்பது அண்ணிக்குத் தெரியும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"மாதாவுக்கு வெச்ச லைட்டு," என்றார் கிரிகரி கடைசியில். "அதுல எப்படித் தப்பு வரும்?"

"மாதா மேல தப்பு இல்லண்ணே," என்றாள் பெர்னடெட். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்க முடுக்குன ஸ்குருதான் தப்பு. மூனு மாசமா என் காரப் போட்டு அறுத்தீங்க. ஒருத்தராவது சூட்ட அளந்து பாத்தீங்களா? என் காரு எங்கயும் போவாது. சாவியக் குடுங்க."

அறுபத்து மூன்று வருடத்தில் யாரும் கிரிகரியிடம் அப்படிக் கையை நீட்டியதில்லை. அவர் சாவியைக் கொடுத்தார். வெறும் லோரியோடு திரும்பவேண்டிய முகுந்தனுக்கு பெர்னடெட் ஒரு முழுச் சூஜி கேக்கைக் கட்டிக் கொடுத்தாள். அவர் போகும்போது, இனி ஒரு கார் இப்படிக் கோளாறு காட்டினால் முதலில் தனக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். காருக்காகவா கேக்குக்காகவா என்று தெரியவில்லை.

எர்த் வயர் பழைய துளைக்கே போனது. பேக்கிங் பவுடர் டின்னிலிருந்த சின்னக் கதவை எடுத்துக்கொண்டு அவள் லோகனிடம் போனாள். "நம்ம ஊரு வெயிலுக்கு" என்று அவன் ஆரம்பித்தான். எழுபத்தொன்று என்று அவள் சொன்னாள். எந்த இஞ்சினும் அவ்வளவு ஆறிப்போய் ஓடக் கூடாது என்று லோகனுக்கும் உள்ளுக்குள் தெரியும். பேசாமல் மாட்டிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்க இன்னொரு கதை உலாவியது. அது எர்த்தாகத்தான் இருக்கும் என்று தாம் முதல் நாளே சொன்னதாகவும், பெர்னாவும் லோகனும்தான் கேட்கவில்லை என்றும் கிரிகரி பதினேழு அங்கிள்களுக்கும் விளக்கியிருந்தார். பெர்னடெட் அதை மறுக்கப் போகவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

புதன்கிழமை சாயங்காலம் பிளாக்கின் கீழே அவள் காரை எடுத்தபோது, லூர்துமேரி அண்ணி எங்கிருந்தோ வேகமாக வந்து முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"நா இன்னிக்கி ஒன்னோட வரேன் பெர்னா. எத்தன வருசமா அந்தக் கோப்பி எப்படி இருக்கும்னே தெரியாம வாழுறேன்."

பின்னாலேயே கிரிகரி. தம் காரில் தனியாக ஒருவருக்காகப் பெட்ரோலை எரிப்பானேன் என்றார். முன் கதவின் பிடியில் கை வைத்தார். உள்ளே மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவள் இறங்குவாள் என்று காத்திருந்தார். அண்ணி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"பின்னாடி உக்காருங்கண்ணே," என்றாள் பெர்னடெட். "கேக் பெட்டி இருக்கும், சாயாம புடிச்சுக்கங்க."

கிரிகரி பின் சீட்டில் ஏறி, மூன்று கேக் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டார். லைட்டைப் போட்டாள், மாதா எரிந்தார். பங்சாரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் அவர் கழுத்தை நீட்டி நீட்டி முன்னால் பார்த்தார். ஊசி நடுவிலேயே இருந்தது. ஏர்கோனைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று ஒரு தடவை கேட்டார். பார்க்கலாம் என்றாள்.

கடைசிப் பாட்டை அவள் முழுதாகப் பாடினாள். பாட்டின் நடுவிலேயே கிரிகரி எழுந்துவிட்டார், பழக்கம். சட்டைப்பையைத் தடவினார். ஆட்டுவதற்கு அங்கே சாவி இல்லை. சாவி பெர்னடெட்டின் கைப்பையில் இருந்தது, கைப்பை அவள் தோளில் இருந்தது, அவள் பாடகர் குழுப் பெண்களோடு ஹாலுக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

கோப்பி கொதிக்கக் கொதிக்க வந்தது. வெளியே கார் பார்க்கில் அண்ணன் பூட்டிய காருக்குப் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. அவருக்கும் ஒரு கப் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லி அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி அதை வாங்கித் தானே குடித்தாள். பெர்னடெட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கோப்பி ஆறட்டும் என்று மேசைமேல் வைத்தாள்.